உறை எண் இருநூற்றுப் பதினான்கு

"மச்சான், இப்படிக் கைக்குட்டையைப் பிழிஞ்சுக்கிட்டே இருந்தா, பார்க்கிறவங்க நம்மளைத் திருட்டுப் பயலுகன்னு நினைப்பாங்க."

மைத்துனன் ஃபெரியோல் சொன்னது கஸ்பார் காதில் ஏறவில்லை. பாரிஸ் அறிஞர் கழகத்தின் திங்கட்கிழமைக் கூட்டம் அது. செயலாளரின் மேசைமேல் அரக்கு முத்திரையோடு ஓர் உறை கிடந்தது. கஸ்பாரின் கண் அதை விட்டு நகரவில்லை.

விஷயம் இதுதான். ஊதாக் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் எஃகு ஊசியை இரண்டு மணி நேரம் வைத்தால் அதில் காந்தம் ஏறுகிறது என்று சென்ற மாதம் இதே மண்டபத்தில் கஸ்பார் கட்டுரை படித்தார். பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. ஒயின் வியாபாரியான ஃபெரியோல், முடிதிருத்துகிறவரிலிருந்து ரொட்டிக்கடை அம்மாள் வரை ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லி முடித்தான். காலியாக இருந்த பேராசிரியர் பதவி கஸ்பாருக்குத்தான் என்று ஆனது.

அப்போதுதான் முன்வரிசைக் கிழவர் மொண்ட்ராவெல் கைத்தடியை ஊன்றி எழுந்தார். "இதை மூணு வருஷத்துக்கு முன்னாடியே நான் எழுதி, முத்திரை வச்சு, உங்க அலமாரியில வைக்கக் கொடுத்திருக்கேன். உறை எண் இருநூத்திப் பதினாலு."

கழகத்தில் அப்படி ஒரு வழக்கம். ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது, ஆனால் ஊரறியச் சொல்லத் தயக்கம் என்றால், எழுதி மூடிக் கொடுத்துவிடலாம். பிறகு எவராவது அதையே கண்டுபிடித்தால், உறையை உடைக்கச் சொல்லி உரிமை கொண்டாடலாம். கிழவரின் உறை இன்று உடைபடுகிறது.

"கவலையை விடுங்க மச்சான். அந்த ஆளு எதைத்தான் தான் கண்டுபிடிக்கலேன்னு சொல்லியிருக்காரு? நீராவி வண்டியே அவர் யோசனைதானாம். உள்ள ஏதாவது கஷாயச் சீட்டு இருக்கும்."

கஸ்பாரின் முகம் வெளுத்தது. "அப்படியா நினைக்கிறே?"

"வெறும் தாளா இருந்தாக்கூட ஆச்சரியமில்லை."

"வாயை மூடுடா."

ஆறுதல் சொன்னவனை யாராவது திட்டுவார்களா? கஸ்பார் திட்டினார். நாலு நாளாகவே ஆள் சரியில்லை. சூப்பில் உப்புப் போட மறந்ததற்குக்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவர் மனைவி செலஸ்தீன் மாடிப்படியில் நின்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செயலாளர் உறையை உயர்த்திக் காட்டினார். முத்திரை அப்படியே இருந்தது. தேதியும் கிழவர் சொன்னதுதான். அரக்கு உடைந்தது. கஸ்பாரின் கால் ஆடிய ஆட்டத்தில் முன் நாற்காலியும் சேர்ந்து ஆட, அதில் இருந்தவர் திரும்பி முறைத்தார்.

"ஊதாக் கண்ணாடி," செயலாளர் படித்தார். "எஃகு ஊசிகள் பன்னிரண்டு. இரண்டு மணி நேர வெயில். பதினொன்றில் காந்தம் ஏறியது. இதை முதலில் கண்டவன் நான்."

மண்டபம் சலசலத்தது. கிழவர் நாலு பக்கமும் திரும்பித் தலை வணங்கினார்.

"எழுந்து கேளுங்க மச்சான். அலமாரியில பூட்டி வச்சதெல்லாம் கண்டுபிடிப்பா? ஊருக்குச் சொன்னது நீங்கதானே?"

கஸ்பார் எழுந்தார். "மொண்ட்ராவெல் ஐயா என்னை மூணு வருஷம் முந்திட்டார். இந்தக் கண்டுபிடிப்பு முழுக்க முழுக்க அவரோடது. இதுல எனக்குத் துளிப் பங்குகூட வேண்டாம். ஏட்டுல என் பேரை அடிச்சுடுங்க."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. கிழவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, கட்டிப் பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். இப்படிப்பட்ட உத்தமர் இருக்கும்போது பேராசிரியர் பதவிக்கு வேறு ஆளா தேடுவது என்று பின்வரிசையில் இருவர் பேசிக்கொண்டார்கள்.

வாசலுக்கு வந்ததும் ஃபெரியோல் பொரிந்து தள்ளினான். "இப்படியா தூக்கிக் கொடுப்பீங்க? ரொட்டிக்கடை அம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

கஸ்பார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"வியாழக்கிழமை புதுசா ஒரு கட்டு ஊசி வாங்கினேன்டா. வெயில்ல வைக்கிறதுக்கு முன்னாடியே சும்மா சோதிச்சுப் பார்த்தேன். கடையிலேர்ந்து வரும்போதே அதுல காந்தம் இருக்கு."