இரண்டாவது கயிறு

தூங்குமூஞ்சி மரத்தின் உச்சிக் கிளையில் ரம்பத்தை முடுக்கும் முன் "ரெண்டு கட்டு" என்று கத்த வேண்டும். என் இடுப்பு இரண்டு கயிறுகளில் மாட்டப்பட்டிருக்கிறது, ரம்பம் பட்டு ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும் என்று அதற்கு அர்த்தம். கத்திவிட்டு ரம்பத்தை முடுக்கினேன். கீழே கயிறு பிடித்திருந்தவர் தேவராஜ், என் மனைவி செல்வியின் அண்ணன். வழக்கமாக அதைத் திருப்பிச் சொல்பவர், இன்று சொல்லவில்லை.

"மாப்ள, மிஷின ஆஃப் பண்ணும்."

அணைத்தேன். இரண்டாவது கயிறு என் இடுப்பில் சுருட்டியபடியே தொங்கியது.

"மறந்துட்டேன் மச்சான்."

"மறந்தவன் ரெண்டுன்னு கத்துவானாவே?"

செல்வி இறந்த பிறகு இன்றுதான் மரம் ஏறுகிறேன். வீட்டிலேயே கிடக்காதேயும் என்று அவர்தான் கூட்டி வந்தார். நான் பட்டையில் ஊரும் எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கயிற்றை விடாமல் நடந்து, நான் வெட்டவேண்டிய கிளைக்கு நேர் கீழே வந்து நின்றார்.

"இப்ப கெளைய அறும், பாப்போம்."

"தள்ளிப் போங்க மச்சான். ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும். நீரு அந்தக் கயித்த மாட்டும், நா தள்ளிக்கிடுதேன்." பிறகு குரல் இறங்கியது. "மகளுக்கு அழுதே அம்மைக்குக் கண்ணு தெரியலவே. இன்னொண்ண நா எப்படிப் போய்ச் சொல்லுவேன்?"

கயிற்றின் கொக்கியைத் திறக்க இரண்டு கைகளும் வேண்டும். ஒரு கையால் நான் முகத்தை மூடிக்கொண்டிருந்தேன்.