வால் போன கிழக்குரங்கு

டீக்கடைக்குப் பின்னால் ஒரு புளியமரம். அதில் ஒரு கிழக்குரங்கும் அதன் மனைவி மரகதமும் குடியிருந்தன. கடைக்கு வருகிறவர்கள் வீசியெறியும் துண்டு பீடிகளைப் பொறுக்கி ஊதாவிட்டால் கிழக்குரங்குக்குப் பொழுதே விடியாது.

ஒருநாள், வயதானவர்களின் உடல்நலத்தை விசாரித்து எழுதிக்கொள்ள ஓர் அணில் வந்தது.

"உடம்பு எப்படி இருக்கு, ஐயா?"

"கல்லு மாதிரி இருக்கேன். அப்படியே எழுதிக்க."

மரகதத்துக்குப் பொறுக்கவில்லை. "அப்படின்னா உச்சிக்கிளையில இருந்தவர் ஏன் அடிக்கிளைக்கு இறங்கி வந்தீங்களாம்?"

"மேல காத்து ஜாஸ்திடி."

"உங்ககூட உட்கார்ந்து ஊதினாங்களே நாலு பேர், அவங்க எங்க?"

"செத்துட்டாங்க. அவங்களுக்குப் பீடி ஒத்துக்கல. எனக்கு ஒத்துக்கிச்சு, அவ்வளவுதான்."

அணிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது வாயைத் திறப்பதற்குள் ஒரு தெருநாய் அடிக்கிளையை நோக்கிப் பாய்ந்தது. அணிலும் மரகதமும் ஒரே தாவில் மேலே போய்விட்டன. கிழக்குரங்கோ ஒரு கிளை ஏறியதுமே மூச்சு முட்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. மரகதம் பதறிக் கீழே வந்து, அதன் கையைப் பிடித்து இழுத்தது. உயிர் மேலே வந்தது. பாதி வால் நாயின் வாயிலேயே தங்கிவிட்டது.

அணில் கேட்டது: "ஐயா, மாத்தி எழுதட்டுமா?"

கிழக்குரங்கு வெகுநேரம் இருமிவிட்டுச் சொன்னது: "வால் போச்சுன்னு சேர்த்துக்க. ஆனா அது நாயால போனது, பீடியால இல்லன்னு தெளிவா எழுது."