லஸ் வரை நடந்த ஆடு

"ஜெயிச்சுட்டீங்க மாமா! அந்த மாமி இந்தப் பக்கமே வர்றதில்ல" என்றாள் மருமகள் லிசா.

ஜாஸ்பர் மதில் பக்கம் பார்த்தார். சுவரோரச் செம்பருத்தியில் பூக்கள் பறிக்க ஆளில்லாமல் சுருண்டு கிடந்தன.

தினமும் விடிந்ததும் அடுத்த தெரு சீதா மாமி குடைப் பிடியால் கிளையை இழுத்துப் பூப் பறிப்பாள்.

"எங்க வூட்டுப் பூவு, ஒங்க சாமிக்கா?" என்று ஜாஸ்பர் கத்துவார்.

"பூவுல உங்க பேர் எழுதியிருக்கோ?" என்பாள் மாமி. மனைவி ஐரின் இறந்தபின் அவரோடு சண்டை போட வேறு ஆளில்லை.

போன வாரம் முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஒன்று சொன்னார்.

"பூச்சி மருந்து அடிச்சிருக்கேன் மாமி. நேத்து ஒரு ஆடு தின்னுட்டு லஸ் பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்பக்கமாவே நடந்து போச்சு."

'அங்கேருந்து எந்த பஸ் பிடிச்சுது?' என்று மாமி கேட்பாள் என எதிர்பார்த்தார். அவளோ பறித்த பூக்களைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் தெருவில் மறித்து, "சும்மா சொன்னேன் மாமி" என்றார்.

"அம்பாளுக்கு வெக்கறது. சந்தேகம் வந்தாச்சு, வேண்டாம்" என்று அவள் ஒதுங்கிப் போனாள்.

"தெருவுக்கு நீட்டிக்கினு இருக்கற கிளைய வெட்டிடறேன் மாமா" என்று லிசா இப்போது எழுந்தாள்.

கத்தரிக்கோலோடு போய் இலைகளை விலக்கினாள். கிளை தானாக வெளியே சாயவில்லை. யாரோ அதைத் தெருப்பக்கம் வளைத்து, சுவர்க் கம்பியில் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

"யாரு மாமா இப்படிக் கட்டினது?"

"அந்த ஆடுதாம்மா" என்றார் ஜாஸ்பர், தெருமுனையைப் பார்த்தபடி.