நுரை

ஏழாவது நாளும் நுரை கட்டியிருந்தது.

கண்ணாடிப் பரணியின் வாயோரமாக, கொதிக்கிற கஞ்சியின் மேல் ஒதுங்குவதைப் போல, சின்னச் சின்னக் குமிழ்கள். அதற்கு அடியில் மீன் அசையாமல் நின்றது.

பாக்கியவதி முக்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்து முதல் மணி அடித்துவிட்டது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவளுக்காகக் காத்திருப்பார்கள். எழுந்திருக்க மனம் வரவில்லை.

நேற்றுப் போட்ட கொசுப்புழுக்கள் இன்னும் நெளிந்துகொண்டிருந்தன. மீன் ஒன்றைக்கூடத் தொடவில்லை. விரலை நீட்டினால் மட்டும் செவுளை விரித்துக்கொண்டு பாய்ந்தது. வந்த புதிதில் அப்படி இல்லை. அவள் விரலின் நிழல் விழுந்தாலே வாலைக் குழைத்துக்கொண்டு மேலே வரும்.

குப்பியிலேயே விட்டிருக்கலாம். பினாங்கிலிருந்து அந்தக் குப்பிக்குள்தானே கடல் தாண்டி உயிரோடு வந்தது? ஒரு சாண் தண்ணீரில் கிடந்து வதைபடுகிறதே என்று இரக்கப்பட்டு, போன வாரம்தான் இந்தப் பெரிய கண்ணாடிப் பரணிக்கு மாற்றினாள். மறுநாளே நுரை.

பரணியில் முன்பு எலுமிச்சை ஊறுகாய் இருந்தது. அந்தக் காரம் போகவில்லையோ என்று சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்தாள். வாந்திபேதிக்குப் பயந்து பாளையங்கோட்டைக் கிணறுகளில் சிவப்பு மருந்து கரைத்திருந்தார்கள். அதுதான் விஷமோ என்று வண்ணார்பேட்டை ஆற்றங்கரைவரை நடந்து, இடுப்பில் குடத்தோடு திரும்பினாள். ஆற்றுத் தண்ணீரிலும் நுரை வந்தது. ஒரு கல் உப்புப் போட்ட பிறகும் வந்தது.

பாம்பு தீண்டியவன் ஒருவன் வாயில் இப்படி நுரை தள்ளியதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறாள். அதனால் காலைதோறும் சிரட்டையால் ஒட்ட வழித்துக் கொட்டினாள். மீன் சிரட்டையை முட்டும். சாயங்காலத்துக்குள் மறுபடியும் நுரைத்திருக்கும். மீனின் நீல நிறம் நாளுக்கு நாள் வெளுத்து வந்தது.

"ஏட்டி பாக்கியம், ஒரு வாய்க்குக் காணாது இந்த மீனு. இதுக்கு ஜெபம் வேற பண்ணுதியாக்கும்?" பக்கத்து வீட்டுச் சாரம்மாள் சுவருக்கு மேல் தலையை நீட்டிச் சிரித்தாள்.



ஒன்பது வருஷத்துக்கு முன், ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை என்று கப்பலேறிப் போனார் அவள் புருஷன் அப்பாத்துரை. ஆறு வருஷம் மாதம் தவறாமல் கடிதம் வந்தது. பிறகு மூன்று வருஷமாக ஒரு வரி இல்லை. அவள் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தாள்.

இந்த மாசியில் அதே தோட்டத்திலிருந்து லீவில் வந்த தானியேல், "அங்கேருந்து உங்களுக்குக் குடுத்தனுப்புனது, யக்கா" என்று குப்பியை நீட்டினான். அதற்குமேல் அவளுக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. எழுதக் கை வராத மனுஷன் உயிருள்ள ஒன்றை அனுப்பியிருக்கிறார். மறக்கவில்லை. அது போதும்.

இது செத்துப்போனால் அவளிடம் மிஞ்சுவது பழைய தாள்கள்தான்.

சிரட்டையை எடுத்தாள். பாதி நுரையை வழித்திருப்பாள், வாசலில் தானியேல் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அடுத்த வாரம் திரும்பக் கப்பலேறுகிறான். கொண்டுபோகக் கடிதம் ஏதும் இருக்கிறதா என்று கேட்க வந்தவன்.

அவன் கேட்டதே அவள் காதில் ஏறவில்லை. "தானியேலு, சாவுதுலே இது. நுரை நுரையாத் தள்ளுது. என்னன்னு பாரு."

தானியேல் குனிந்து பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

"யக்கா, முதல்ல அந்தச் சிரட்டையக் கீழ வையிங்க. நோயுமில்ல, நொடியுமில்ல. கூடு கட்டுது. ஆம்பள மீனுதான் வாயால ஊதி ஊதிக் கட்டும், குஞ்சுவள வச்சுக் காக்கதுக்கு. பெட்டை இல்லாட்டாலும் கட்டும். இருக்க இடம் பிடிச்சுப்போச்சுன்னா கட்டிரும்."

சிரட்டைக்குள் குமிழ்கள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன.

ஏழு நாள். ஏழு கூடு.

ஆனாலும் அது சாகவில்லை.

அவள் முகம் தெளிந்ததைக் கண்டு தானியேலுக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. "அங்கன இருக்கையில ஒருதரங்கூடக் கட்டுனதில்லக்கா. அந்தக் குட்டி மட்டும் இதப் பாத்தாள்னா கையக் கொட்டிக் குதிப்பா."

சொல்லிவிட்டு நிறுத்தினான்.

"எந்தக் குட்டி?"

தானியேல் தரையைப் பார்த்தான். சுவருக்கு மேலிருந்த சாரம்மாளின் தலை சத்தமில்லாமல் கீழே இறங்கியது.

"அப்பாத்துரை அண்ணாச்சி மகதான்க்கா." அவன் குரல் தாழ்ந்துவிட்டது. "ஏழு வயசு நடக்கு. நான் ஊருக்குப் போறேன்னதும் குப்பியத் தூக்கிட்டு ஓடியாந்தா. பெரியம்மாட்ட குடுங்கன்னா. அண்ணாச்சிக்கு இது தெரியாது."

மீன் கிழிந்த நுரைக்கு அடியில் வந்து நின்றது. ஒரு குமிழை ஊதி ஒட்டியது. இன்னொன்றுக்காகக் காற்றெடுக்க மேலே போனது.

பாக்கியவதி சிரட்டையைத் தரையில் வைத்தாள். பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து பிள்ளைகள் சேர்ந்து ராகம் போட்டு வாய்ப்பாடு சொல்லும் சத்தம் வந்து, நின்று, மறுபடி வந்தது.

"கடிதம் இருக்கான்னு கேட்டியே," என்றாள்.

"ஆமாக்கா."

"அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?"