எழுந்திருக்கும் அன்னம்

நூறு வருஷத்துக்கும் மேலாக இந்தப் பீட்டர்ஸ்பர்க்கின் பாலே நடன மேடையில் செத்துக்கொண்டிருக்கும் அன்னம், இன்று அக்லயாவின் உடம்பில், நீல விளக்கில் முழங்கால் மடிந்து சாய்கிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் அந்த முழங்காலுக்கு இதுதான் முதல் மேடை. திரையோரம் உடைக்காரி தைசியா மூச்சைப் பிடித்து நிற்கிறாள். மேடையேறுமுன், "ஒரு இறகுகூட உனக்குக் கிடைக்காது போடி!" என்று, திட்டியே வாழ்த்தும் ஊர் வழக்கப்படி சொன்னாள். "பிசாசுகிட்ட போ!" என்று பதிலுக்குத் திட்டினால்தான் அது பலிக்கும். பயத்தில் அக்லயா வாயே திறக்கவில்லை. செல்லோவின் இசை ஓய்கிறது. கைதட்டல் வெடிக்கிறது. அன்னம் அசையவில்லை. சாக மூன்று நிமிடம் போதும். எழுந்திருக்கப் பழகத்தான் எட்டு மாதம் பிடித்தது. ஒரு கை தரையில் ஊன்றுகிறது. முழங்கால் நடுங்குகிறது, பிறகு நிமிர்கிறது. வணங்கும் சாக்கில் அக்லயா திரையோரம் திரும்பிச் சிரிக்கிறாள். "பிசாசுகிட்ட போ, தைசியாக்கா!" தைசியா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா, கழுதை?"