தலைவர் பேசறாரு

“ஆளு வரணும்னுதான் சட்டம். போனு வந்தா ஆளு வந்த மாதிரியா?”

ஜெகதீஸ்வரன் இப்படிக் கேட்டதும் கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். ஜமுனா கையில் போனோடு கோயில் வாசலில் நின்றாள்.

மூன்று வாரமாக ஆஸ்பத்திரிக்கும் குப்பத்துக்கும் நடையாய் நடக்கிறாள். புருஷன் சம்பந்தம் சென்னையில் காலில் பிளேட் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். இந்த நேரம் பார்த்துத்தானா பாடு போடற கூட்டம் வரணும்?

ஏரியில் எவன், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வதுதான் பாடு. தலைவர் பேரைக் கூப்பிடும்போது ஆள் குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த வருஷம் அவனுக்குப் பாடு கிடையாது. வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான். சம்பந்தத்தின் காலுக்கு எவன் கூலி வேலை கொடுப்பான்?

தலைவர் கங்காதரன் நோட்டிலிருந்து நிமிர்ந்தார்.

“குரலு வந்தா போதும். இந்த ஒரு போனுக்கு மட்டும் ஒத்துக்கலாம். மூணு தபா கூப்புடுவேன். பதிலு வரலைனா பேர அடிச்சிட்டுப் போயினே இருப்பேன். இன்னாம்மா, சரியா?”

“சரி மாமா.”

வேறு போனே அங்கே கிடையாது. போன வருஷக் கூட்டத்தில் நடந்த சண்டையை எவனோ வாட்ஸ்அப்பில் போட்டதிலிருந்து எல்லாரும் போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

ஜமுனாவின் போன் பழசு. சார்ஜர் இல்லாமல் பத்து நிமிஷம் தாங்காது. மைக் செட் போட்ட தமிழ்வேந்தன் பாவம் பார்த்து ஒரு பிளக் கொடுத்தான். லைன் போய்விட்டால் மறுபடி கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில், அவள் புருஷனை லைனிலேயே வைத்திருந்தாள்.

“ஜமுனா, எம் பேரு வந்துச்சா?”

“இல்லய்யா. கம்முனு இரு.”

சம்பந்தம் பேர் முப்பத்தொன்றாவது. மேலே தகரக் கூரை, உச்சி வெயில். இருபத்தேழாவது பேரைக் கூப்பிடும்போது போன் கையில் பிடிக்க முடியாத அளவுக்குக் கொதித்தது. திரையில் ஏதோ எழுத்து வந்தது. பொசுக்கென்று அணைந்துவிட்டது.

“ஐயோ, பூடுச்சே!”

பக்கத்தில் தண்ணி பாக்கெட் போட்ட ஐஸ் பெட்டி இருந்தது. எதைக் கெடாமல் காப்பாற்றுவதென்றாலும் ஐஸ்தானே நமக்குத் தெரியும்! ஜமுனா போனை அதில் புதைக்கப் போனாள்.

“யக்கா, ஐஸ்ல வெக்காத!” தமிழ்வேந்தன் பாய்ந்து வந்து பிடுங்கினான். “உள்ள வேர்த்துக்கினா மொத்தமா காலி. ஒறையக் கழட்டு. சார்ஜர எடுத்துடு. சார்ஜும் போட்டுக்கினு மணிக்கணக்கா லைன்லயும் வெச்சிருந்தா சூடாவாம இன்னா பண்ணும்? நெழல்ல வெய்யி, இருவது நிமிசத்துல ஆறிடும்.”

“இருவது நிமிசமா? நடுவுல மூணு பேருதானடா கீறாங்க!”

ஓடிப்போய்த் தலைவர் எதிரில் நின்றாள். அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார்.

“மாமா, போனு சூடாயி அணைஞ்சிடுச்சி. இருவது நிமிசம் குடுங்க மாமா. உங்க கால்ல வேணா விழறேன்.”

“அதெல்லாம் முடியாதும்மா. சட்டம்னா எல்லாருக்கும் சட்டந்தான். போய் உன் எடத்துல நில்லு.”

பின்னாலிருந்து ஜெகதீஸ்வரன், “அப்டிச் சொல்லு தலைவரே!” என்றான்.

பாவி மனுஷன், இவருக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று ஜமுனா தலைவரை மனசுக்குள் வைது தீர்த்தாள். நிழலில் உட்கார்ந்து போனை மடியில் வைத்து ஊதினாள். கண்ணீர் வேறு அதன்மேல் சொட்டப் பார்த்தது. துடைத்துக்கொண்டாள்.

இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. மூன்று பேரும் குரல் கொடுத்தாயிற்று.

கங்காதரன் தொண்டையைச் செருமினார்.

“அடுத்த பேருக்கு முன்னால ஒரு விசயம்...”

“போச்சுடா, ஆரம்பிச்சிட்டாரு!” என்று ஒருவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மைக் கையில் கிடைத்தால் கங்காதரன் லேசில் விடுகிற ஆளா? கரையில் பிளாஸ்டிக் கவர் போடுவதில் ஆரம்பித்தார். ஆடித் திருவிழா ஸ்பீக்கர் சத்தத்துக்குப் போனார். மீஞ்சூரில் பசங்கள் ரயில் படிக்கட்டில் தொங்குவதைச் சொன்னார். தெருநாய்க்கு வந்தார். திரும்பப் பிளாஸ்டிக் கவருக்கே போனார். பாதிப் பேர் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள்.

“தலைவரே, பசிக்குது! பேரைக் கூப்புடு!” என்று ஜெகதீஸ்வரன் கத்தினான்.

“தோ முடிச்சிட்டேன்பா. கடைசியா ஒரே ஒரு விசயம்...”

அந்த ஒரே ஒரு விஷயம் பத்து நிமிஷம் ஓடியது. ஜமுனா மடியில் போன் மினுக்கென்று வெளிச்சம் காட்டியது. அவசரமாக நம்பரை அழுத்தினாள். ஒரே ரிங்கில் சம்பந்தம் எடுத்தான். போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

“சரி, நேரமாவுது. பேச்சு போதும்,” என்றார் தலைவர். “சம்பந்தம்!”

“இருக்கேன் மாமா! இருக்கேன்!”

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வந்த குரல் கோயில் வாசல் முழுக்கக் கேட்டது.

கூட்டம் கலைந்ததும் ஜமுனா நேராகத் தலைவரிடம் போனாள். பாடு கிடைத்துவிட்டது, ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

“கெஞ்சினேனே மாமா! இருவது நிமிசம் குடுக்க உங்களுக்கு மனசு வரல. ஒண்ணுக்கும் ஒதவாத கதைய அர மணி நேரம் பேச மட்டும் நேரம் இருந்துச்சா?”

கங்காதரன் தொண்டை கட்டிப்போய்ச் சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உனக்கு நேரம் குடுத்தா, ஏன் குடுத்தேனு ஊரே கேக்கும். நான் பேசினா எவம்மா கேக்கறான்?”