குதிரைப்படை அதிகாரியின் மீசை

படத்தில் இருந்தவருக்கு மீசை இருந்தது. அந்த மீசையில்தான் எகோனின் மனு சிக்கிக்கொண்டது.

1938-ல் எகோன் குடும்பத்தின் வியன்னா வீட்டிலிருந்து நாஜிகள் அள்ளிக்கொண்டு போன சாமான்களுக்குப் பட்டியல் இருந்தது. "என் தங்கை மால்வினேயின் ஓவியம், ஒன்று" என்று எகோனின் அப்பா கைப்பட எழுதியிருந்தார். மியூசியம் மேஜைமேல் இருந்ததோ கிராப்புத் தலையும் கழுத்தில் டையும் முறுக்கு மீசையுமாக ஓர் ஆசாமி.

அத்தை அந்தக் காலத்திலேயே கிராப்பு வெட்டி டை கட்டிக்கொண்டு திரிந்தவள் என்று எகோன் விளக்கினார்.

"டை சரி. மீசை?" என்றார், பறிபோன சாமான்களை உரியவர்களுக்குத் திருப்பித் தரும் கமிட்டியின் தலைவி.

பேராசிரியர் நெமெட்ஸ் தொண்டையைச் செருமினார். மீசையின் வளைவை அளந்து, படத்திலிருப்பவர் பேரரசர் காலத்துக் குதிரைப்படை அதிகாரிதான் என்று முப்பத்தொரு பக்கம் கட்டுரை எழுதியவர் அவர். கீழே மியூசியம் கடையில் அந்த மீசை போட்ட காப்பிக் கோப்பை சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது.

எகோனுக்கு எண்பது வயது, தங்கை ட்ரூடேக்கு எழுபத்தாறு. இதற்காகவே இஸ்ரேலின் ஹைஃபாவிலிருந்து வந்திருந்தார்கள். அத்தையை முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள், ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. இந்தப் படமும் கைவிட்டுப் போனால் அவள் முகத்தை இனிப் பார்க்க வழியே இல்லை.

"இந்த ஊர்ல எனக்கு என்னைக்குடி நியாயம் கிடைச்சிருக்கு?" என்று எகோன் தங்கையிடம் முணுமுணுத்தார்.

ட்ரூடேக்குத் தெரியும், அடுத்து சைக்கிள் கதை வரும். காலையில் டிராமிலும் அதுதான். பதின்மூன்று வயதில் யூதப் பையன்களுக்கு நடக்கும் பார் மிட்ஸ்வா சடங்குக்கு அப்பா சிவப்பு சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். சடங்குக்கு முந்தின வாரம் திடீரென்று கிடையாது என்றுவிட்டார். கிடைத்தது ஆறு கைக்குட்டை.

"என்ன தப்பு பண்ணேன்னு கேட்டேன். 'உனக்கே தெரியும்'னுட்டார். அறுபத்தெட்டு வருஷமா யோசிக்கிறேன், தெரியல."

"சும்மா இருண்ணா. வெளிய போனதும் ஆப்பிள் ஸ்ட்ரூடல் வாங்கித் தரேன்." ட்ரூடே கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள்.

தலைவி பேனாவை எடுத்தார். மனுவைத் தள்ளுபடி செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்றார். எகோன் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்ததும் ட்ரூடேயால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றாள்.

ஓவியங்களைச் சுத்தம் செய்யும் பெண்மணி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ட்ரூடே அவளைப் பார்த்து, "மருந்துல பஞ்சை நனைச்சு மீசை நுனியைத் துடைங்கம்மா. பூட்ஸ் பாலிஷ் வாசம் வரும்" என்றாள்.

பேராசிரியர் குறுக்கே பாய்ந்தார். தலைவி அவரை உட்காரச் சொன்னார். பஞ்சு கறுத்தது, பாதி மீசை காணாமல் போனது. அடியில் ஒரு பெண்ணின் உதடு, ஒரு பக்கம் ஏறிய சிரிப்போடு.

"அத்தைதான்" என்றார் எகோன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" தலைவி கேட்டார்.

ட்ரூடே அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. "மீசையை நான்தான் வரைஞ்சேன். எனக்கு அப்ப எட்டு வயசு. பாலிஷ் டப்பா அண்ணனோடது, அவன்தான் வீட்ல எல்லாருக்கும் பூட்ஸ் துடைப்பான். டப்பாவைப் பார்த்துட்டு அப்பா, அண்ணன்தான்னு... அன்னைக்கே படத்தைப் பரண்ல போட்டுட்டார். நான் யார்கிட்டயும் சொல்லல."

அதற்குமேல் விசாரிக்க ஒன்றுமில்லை. படம் குடும்பத்துக்கே என்று கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்தது. பேராசிரியர் முப்பத்தொரு பக்கத்தையும் மடித்துப் பைக்குள் திணித்தார். தலைவி எழுந்து வந்து எகோனிடம் கை நீட்டினார்.

எகோன் கையைக் கொடுக்கவில்லை. தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தலைவி பக்கம் திரும்பினார்.

"இன்னொரு மனு ஃபாரம் குடுங்கம்மா. எனக்கு இவகிட்டேருந்து ஒரு சைக்கிள் வரணும்."